பாண்டி – தூத்துக்குடி: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடுவது எப்படி?

"தம்பி, பாண்டிலேர்ந்து தூத்துக்குடிக்கு பிளைட்டு ஒரு மணி நேரம்தானாமே. போன்ல போட்டிருக்கான். ரெண்டு டிக்கெட் போட்டுக் குடு."

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வந்த அக்கா போனை என் மேஜை மேல் வைத்தார். திரையில் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு நீலக்கோடு, கீழே தூரம் 410 கிலோமீட்டர், அதற்கும் கீழே விமான நேரம் ஒரு மணி 2 நிமிடம். அவருடைய அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. திருச்செந்தூர் போகவேண்டும், அப்படியே ஒரு தடவை பிளைட்டும் ஏறிப் பார்க்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. "ரெண்டும் கடலோர ஊருதானே, வழி பூரா ஜன்னல்ல கடல் தெரியுமில்ல?" என்று அக்காவே பாண்டியைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

திரையில் இருந்த தூரம் சரியான எண்தான், நேரம் பெரிய ஜெட்டுக்குப் போட்ட கணக்கு. ஆனால் அந்தக் கோட்டின் மேல் பறக்கும் விமானம் கிடையாது, வழியில் கடலும் அனேகமாகக் கிடையாது. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். போன் பொய் சொல்லுமா என்பார்கள். அதனால் ஒரு பழைய பில்லின் முதுகில் கணக்குப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். தோட்டப்பாளையம் பக்கம் பல வருஷமாக டிக்கெட் கடை வைத்திருப்பதில் கற்றுக்கொண்ட கணக்கு இது. புதிதாக டிக்கெட் போடப் பழகுகிறவர்களுக்கும், போனில் தானே தேடிப் பார்க்கிறவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

எந்த விமான நிலையம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். புதுச்சேரிக்கு பிஎன்ஒய், தூத்துக்குடிக்கு டிசிஆர். சென்னை எம்ஏஏ, பெங்களூர் பிஎல்ஆர், மதுரை ஐஎக்ஸ்எம். திருச்சி டிஆர்இசட், திருவனந்தபுரம் டிஆர்வி. இந்தக் கடைசி இரண்டையும் மாற்றிப் போட்டு அவதிப்பட்டவர்கள் உண்டு.

ரயில் குறியீடு வேறு, விமானக் குறியீடு வேறு. இதில் நானே வழுக்கியிருக்கிறேன். கடை தொடங்கிய புதிதில், சிகிச்சைக்கு வந்திருந்த திருச்சூர்க்காரர் ஒருவர் ஊர் திரும்ப பிளைட் கேட்டார். ரயில் டிக்கெட் போட்டுப் போட்டு திருச்சூர் என்றாலே டிசிஆர் என்று கைக்குப் பழகியிருந்தது. அதையே தட்டினேன். சென்னையிலிருந்து விமானம் வந்தது, விலையும் பரவாயில்லை, பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டேன். அவர் மனைவி எட்டிப் பார்த்து "இது தூத்துக்குடி அல்லே?" என்றதால் தப்பித்தோம். திருச்சூருக்கு விமான நிலையமே இல்லை, நெடும்பாசேரியில் இருக்கும் கொச்சி விமான நிலையத்தில் இறங்கித்தான் போகவேண்டும். அன்றிலிருந்து குறியீட்டைப் போட்டபின் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படிப்பேன்.

நிலையம் நிஜத்தில் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில், ஊரோடு ஒட்டியே இருக்கிறது. தூத்துக்குடி நிலையம் ஊருக்குள் இல்லை, திருநெல்வேலி போகும் சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. கடலோர விமான நிலையம் என்று பெயர்தானே ஒழிய, கடல் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டராவது தள்ளி.

தூரம் போடுவது

இதற்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். போன் வரைபடத்தில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. இரண்டு தசம இடம் போதும்.

புதுச்சேரி: வடக்கு 11.97, கிழக்கு 79.81
தூத்துக்குடி: வடக்கு 8.72, கிழக்கு 78.03

புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று இங்கே இருக்கிறது. சில இடங்களில் இதையே 11 டிகிரி 58 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அதை 11.58 என்று எழுதிவிடக் கூடாது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், கடிகாரம் மாதிரி. 58-ஐ 60-ஆல் வகுத்தால் 0.97, ஆக 11.97. இதை மறந்தால் வடக்கு தெற்குக் கணக்கில் 43 கிலோமீட்டர் பிசகும். அது ஏறக்குறைய பாண்டியிலிருந்து விழுப்புரம் தூரம்.

இனிக் கணக்கு.

வடக்கு தெற்கு வித்தியாசம்: 11.97-இல் 8.72 போனால் 3.25 டிகிரி. கிழக்கு மேற்கு வித்தியாசம்: 79.81-இல் 78.03 போனால் 1.78 டிகிரி.

அட்சரேகையில் ஒரு டிகிரி என்றால் எங்கே அளந்தாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தீர்க்கரேகை அப்படியல்ல. பூமத்திய ரேகையில் 111, வடக்கே போகப் போக ஆரஞ்சுச் சுளையின் நுனி மாதிரி குறுகிக்கொண்டே வரும். எவ்வளவு குறுகும் என்பதைக் கோசைன் சொல்லும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் கால்குலேட்டர்கூட வேண்டாம்: 8 டிகிரியில் 0.990, 10 டிகிரியில் 0.985, 12 டிகிரியில் 0.978. நம் இரண்டு ஊர்களின் நடு அட்சரேகை பத்தேகால் சொச்சம், அதற்கு 0.984. ஆக 1.78-ஐ 0.984-ஆல் பெருக்கினால் 1.75.

இப்போது இரண்டு பக்கம் தெரிந்துவிட்டது, மூலைக்கோடு வேண்டும். பிதாகரஸ்தான்.

3.25 × 3.25 = 10.56
1.75 × 1.75 = 3.06
கூட்டினால் 13.62, அதன் வர்க்கமூலம் 3.69 டிகிரி.
3.69 × 111 = 410 கிலோமீட்டர்.

அக்காவின் போனில் இருந்த அதே 410. பேப்பரில் அந்த எண் வந்ததும் அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. அதுவரைக்கும் இந்த ஆள் டிக்கெட் போட சோம்பேறித்தனப்படுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்.

பூமி உருண்டை, தட்டைக் கணக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆயிரம் கிலோமீட்டருக்குள் தென்னிந்தியாவில் இந்தக் கணக்கு பெரிய பிழையில்லாமல் ஒத்துவரும். துபாய், லண்டன் என்று போனால் பெருவட்டக் கணக்குத்தான், அதாவது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியை அளக்கும் கணக்குத்தான் போடவேண்டும். அதற்கு வரைபடத்திலேயே தூரம் அளக்கும் வசதி இருக்கிறது, கையால் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இதே 410-ஐச் சில இடங்களில் 255 என்றும் 221 என்றும் காட்டுவார்கள். எதுவும் தப்பில்லை. 255 என்பது மைல், ஒரு மைலுக்கு 1.609 கிலோமீட்டர். 221 என்பது கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். விமானிகள் கடல் மைலில்தான் பேசுவார்கள். அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 60 கடல் மைல் என்பதால் 3.69-ஐ 60-ஆல் பெருக்கினாலே 221 வந்துவிடும்.

கோடு எந்த ஊர்களின் மேல் போகிறது?

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. எனக்குப் பிடித்ததே இதுதான்.

வரைபடத்தில் லாஸ்பேட்டையிலிருந்து வாகைக்குளத்துக்கு ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கடலோரமாகப் போகும் என்றுதான் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டுக் கரை நடுவில் கோடியக்கரையில் மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நேர்க்கோடு அந்த மூக்கைச் சுற்றாது, உள்ளே வெட்டிக்கொண்டு போகும். நெய்வேலிக்குச் சற்றுக் கிழக்கே, கும்பகோணத்துக்கு மேற்கே, தஞ்சாவூரை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு, புதுக்கோட்டை பக்கம், காரைக்குடி மேலாக, மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் நடுவில் புகுந்து, விளாத்திகுளம் பக்கமாக வந்து இறங்கும். பாதி வழி எங்கே என்று பார்த்தால் புதுக்கோட்டை. கடலோரத்திலிருந்து கடலோரத்துக்குப் போகும் கோடு, நடு வழியில் செட்டிநாட்டு ஓட்டு வீடுகள் மேல் போகிறது!

"அப்ப கடலு?" என்றார் அக்கா. ஏறும்போது கொஞ்சம் தெரியும், இறங்கும்போது தூரத்தில் தெரிந்தாலும் தெரியும். நடுவில் வயலும் கண்மாயும்தான்.

நிஜ விமானம் இந்தக் கோட்டைக் கயிறு பிடித்த மாதிரி பின்பற்றாது. ஓடுதளம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் ஏறும், பிறகு திரும்பும், கட்டுப்பாட்டு அறை சொல்லும் வழியில் போகும். அதனால் நேர்க்கோட்டுத் தூரத்தோடு பத்தில் ஒரு பங்கு வரை கூட்டிக்கொள்வது நல்லது. சாலைத் தூரம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவேன். பாண்டியிலிருந்து விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகப் போனால் 480 கிலோமீட்டர் முன்பின் வரும்.

நேரம் போடுவது

போனில் வந்த ஒரு மணி 2 நிமிடம் எப்படி வந்தது என்று அவிழ்த்துப் பார்ப்போம். இந்த மாதிரிக் கணக்குக் காட்டும் செயலிகளில் பல, எல்லா விமானத்தையும் பெரிய ஜெட் என்று வைத்துக்கொள்கின்றன. ஜெட் என்றால் நிமிடத்துக்கு சுமார் 13 கிலோமீட்டர். 410-ஐ 13-ஆல் வகுத்தால் 32 நிமிடம். ஏற, இறங்க, தரையில் ஓட என்று ஒரு அரை மணி சேர்த்தால் ஒரு மணி 2 நிமிடம். எதோடும் பேசாமல், எந்த அட்டவணையும் பார்க்காமல் போட்ட கணக்கு.

சிறிய நிலையங்களுக்கு வருவது பெரும்பாலும் ஏடிஆர் 72. இறக்கையில் காற்றாடி சுற்றுமே, அதுதான். ஜெட் எண்ணூறைத் தொடும்போது இது ஐந்நூறை ஒட்டித்தான் பறக்கும். நான் மணிக்கு 480 என்று வைத்துக்கொள்வேன். காரணம் சோம்பேறித்தனம்: 480 என்றால் நிமிடத்துக்குச் சரியாக 8 கிலோமீட்டர், மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

என் சூத்திரம் இதுதான்: தூரத்தை 8-ஆல் வகு, 25-ஐக் கூட்டு.

410-ஐ 8-ஆல் வகுத்தால் 51, அதோடு 25 சேர்த்தால் 76. ஒன்றேகால் மணி நேரம்.

இந்தச் சூத்திரத்தை நம்பலாமா என்று நிஜமாக ஓடும் விமானத்தோடு உரசிப் பாருங்கள். சென்னை – தூத்துக்குடி நேர்க்கோட்டில் 529 கிலோமீட்டர். 8-ஆல் வகுத்தால் 66, கூட 25, மொத்தம் 91 நிமிடம். ஏடிஆர் அட்டவணையும் சுமார் ஒன்றரை மணி நேரம் என்றுதான் காட்டும். ஐந்து பத்து நிமிடம் முன்பின் இருக்கலாம், அதற்குக் காரணம் இருக்கிறது. டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்படும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரமல்ல, விமானம் நின்ற இடத்தை விட்டு நகரும் நேரம். சேரும் நேரம் என்பதும் அங்கே போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நேரம். இரண்டுக்கும் இடையில் இருப்பதை பிளாக் டைம் என்பார்கள். சென்னை மாதிரி நெரிசலான இடத்தில் ஓடுதளத்துக்கு வரிசையில் நிற்கும் நேரமும் இதில் அடங்கும். தாமதம் என்ற பேர் வராமலிருக்க நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டு வைப்பதும் உண்டு. பத்து நிமிடம் முன்னாடியே இறக்கிவிட்டார்கள் என்று நாம் பெருமைப்படுவோம், அது முதலிலேயே கணக்கில் இருந்த பத்து நிமிடம்.

காற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏடிஆர் 260 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 260 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால் 221 கடல் மைலுக்கு 51 நிமிடம். எதிரே 30 நாட் காற்று அடித்தால் தரையின் மேல் வேகம் 230, நேரம் 58 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 46 நிமிடம். போக வர ஒரே தூரம், நேரம் மட்டும் ஏன் வேறு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, ஜெட் ஏன் வராது? ஓடுதள நீளம். புதுச்சேரியில் இருப்பது சுமார் 1,500 மீட்டர். ஏடிஆருக்கு அது போதும், ஏர்பஸ் 320 மாதிரியான ஜெட்டுக்குப் போதாது. தூத்துக்குடியிலும் முன்பு 1,350 மீட்டர்தான் இருந்தது. இப்போது அதை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள், புது முனையத்தை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஆனாலும் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் பறக்கும் விமானத்தைத் தீர்மானிப்பது சின்ன ஓடுதளம்தான். ஒரு பக்கம் எட்டடி வாசல், இன்னொரு பக்கம் நாலடி வாசல் என்றால் கட்டிலை நாலடிக்குத்தானே வாங்கவேண்டும்.

விமானம் இருக்கிறதா?

எல்லாக் கணக்கையும் போட்டு முடித்தபின் கேட்பதாக எழுதியிருக்கிறேன், நீங்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தூரம் காட்டும் செயலிக்கு இரண்டு புள்ளி கிடைத்தால் போதும், கோடு போட்டுவிடும். நம் வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்தையே போட்டுப் பாருங்களேன், வேலூர் – தூத்துக்குடி 479 கிலோமீட்டர் என்று கண்ணியமாகச் சொல்லும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றி ஒரு கேலிப் பட்டியல் உண்டல்லவா? ஜலகண்டேஸ்வரரை 1981-இல் கோயிலுக்குள் திரும்ப வைத்தபின் அதில் ஒன்று குறைந்தது. அந்தக் காலி இடத்தில் விமானம் இல்லாத விமான நிலையத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்து, ஓடுதளத்தைச் சீர்செய்து வைத்திருந்தாலும், இதை எழுதும்வரை பயணிகள் விமானம் வரவில்லை. வந்தாலும் 19 பேர் உட்காரும் சிறு விமானமாகத்தான் இருக்கும்.

பாண்டி விஷயத்துக்கு வருவோம். அங்கே விமானச் சேவை விட்டுவிட்டு நடந்து, 2024 டிசம்பரில் இண்டிகோ ஏடிஆரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி தொடங்கியது. தூத்துக்குடிக்கு நேரடி விமானம் நான் பார்த்தவரை இல்லை. அப்படியானால் டிக்கெட் தேடும் இடத்தில் என்ன வரும்? பெங்களூரில் மாறிப் போகச் சொல்லும். பாண்டி – பெங்களூர் 266 கிலோமீட்டர், பெங்களூர் – தூத்துக்குடி 499 கிலோமீட்டர். ஆக மொத்தம் 765. நேர்க்கோட்டுத் தூரம் 410-தான், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுற்று. நடுவில் பெங்களூரில் காத்திருப்பு வேறு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாண்டியிலிருந்து பெங்களூருக்கு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கோடு போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் நுழைந்து வாணியம்பாடி மேலாகப் போகிறது. எல்லாம் பழைய வட ஆற்காடு. சத்துவாச்சாரியிலிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து பாண்டிக்குப் போய், அங்கே விமானம் ஏறி, திரும்ப நம் ஜில்லா மேலேயே பறந்து பெங்களூரில் இறங்கவேண்டும். இதைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். "வாணியம்பாடில எங்க சித்தி இருக்காங்க, மேலேர்ந்து கைய ஆட்டிட்டுப் போலாம்."

அதனால் மூன்று விஷயத்தைச் சரிபாருங்கள். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இரண்டு ஊரையும் போட்டுத் தேடுங்கள். நேரடி விமானம் என்று வடிகட்டிப் பாருங்கள். நீங்கள் போகும் கிழமையில் ஓடுகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சிறிய நிலையங்களில் அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். போன மாதம் இருந்தது இந்த மாதம் இருக்கவேண்டும் என்று சட்டமில்லை.

வீட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள்

வேலூர்க்காரர்கள் விமான நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். அக்காவுக்கு நான் எழுதிக் காட்டியது சென்னை வழி.

வேலூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 130 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரி நெரிசல் எப்படியிருக்கும் என்று சொல்லமுடியாது, மூன்று மணி நேரம் என்று வையுங்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுன்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். முதல் தடவை ஏறுகிறவர், வயதானவர் என்றால் இரண்டு மணி நேரம் முன்னதாக உள்ளே இருக்கவேண்டும். பறக்கும் நேரம் ஒன்றரை மணி. தூத்துக்குடியில் இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணிகூட ஆகாது, சிறிய நிலையத்தின் சுகம் அது. அங்கிருந்து திருச்செந்தூருக்கு வண்டி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் எட்டு மணி நேரம் வருகிறது. அதில் வானத்தில் இருப்பது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

காரில் நேராகப் போனால் திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல். சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்துப் பத்து பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். ரயில் என்றால் விழுப்புரம் போய் இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் தூத்துக்குடி. அங்கிருந்து திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். என்னைக் கேட்டால் முத்துநகர்தான், செலவும் கம்மி, தூக்கமும் ஆச்சு. ஆனால் அம்மாவின் ஆசை பிளைட் என்பதால் நான் அதை வற்புறுத்தவில்லை. சிக்கனம் எல்லா இடத்திலும் பேசவேண்டிய விஷயமில்லை.

மழைக்காலம் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடலோர நிலையங்களுக்கு அதுதான் சோதனைக் காலம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். திருச்செந்தூர் அதற்குப் பக்கத்து ஊர். அந்தப் பருவத்தில் போவதாக இருந்தால் திரும்பும் தேதிக்கும் வேலைக்குப் போகவேண்டிய தேதிக்கும் நடுவில் ஒரு நாளாவது விடுங்கள், மதுரை விமான நிலையத்தை மாற்று வழியாக மனதில் வையுங்கள். போகி அன்று காலையில் சென்னையிலிருந்து விமானம் போடாதீர்கள். பழைய பாய் எரியும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்துகொண்டால் ஓடுதளமே தெரியாது.

ஜன்னல்

கடைசியில் அக்கா கேட்டது இதுதான்: "சென்னைலேர்ந்து போனா கடலு தெரியுமா?"

திரும்பவும் ஸ்கேல். சென்னை – தூத்துக்குடி நேர்க்கோடு திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் வந்து, பாண்டிக்கு மேற்கே பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. ஏடிஆர் உயரத்திலிருந்து, மேகமில்லாத நாளில், அந்தத் தூரம் ஒன்றுமேயில்லை. தெற்கு நோக்கிப் போகும்போது கிழக்கு இடது கைப்பக்கம். ஆகவே இடது ஜன்னல், இருக்கை எழுத்து ஏ. ஏடிஆரில் இன்னொரு வசதி, இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், கீழே பார்க்க மறைக்காது. ஆனால் நடு வரிசைகளில் உட்கார்ந்தால் இன்ஜினும் காற்றாடியும் கண்ணை மறைக்கும், சத்தமும் கூட. பின்னால் தள்ளி உட்காருவது நல்லது. ஏறுகிற படியும் அதில் வால் பக்கம்தான், வயதானவர்களுக்கு நடையும் மிச்சம்.

பின் வரிசையில் இடது ஜன்னலும் அதற்கு அடுத்ததும் போட்டுக் கொடுத்தேன். அம்மாவின் ஆதாரில் இருக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டில் வந்திருக்கிறதா என்று அக்காவையே படிக்கவைத்தேன். டிசிஆர் என்பதைப் பார்த்துவிட்டு "தூத்துக்குடி" என்று நானும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து திருச்செந்தூரிலிருந்து போன் வந்தது. பின்னால் அலைச் சத்தம்.

"தம்பி, நீ சொன்ன மாதிரியே பாண்டி கிட்ட கடலு தெரிஞ்சுதுப்பா. அம்மா ஜன்னல விட்டு முகத்த எடுக்கல. அப்புறம் தஞ்சாவூரு வர்றதுக்குள்ள தூங்கிட்டாங்க. நாளன்னிக்குத் திரும்பறோம், வரும்போது எந்தப் பக்கம் உக்காரணும்?"

"வடக்கால வர்றீங்கக்கா. இந்தத் தடவ வலது பக்கம்."